பைன் பேரன்ஸ் மணற்காடு: மலையும் அருவியும் இல்லாத நிலத்தில் நிலக்காட்சிப் படம் எடுப்பது எப்படி?

அலையாத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியின் தெற்கே பரந்து கிடக்கும் பைன் பேரன்ஸ் மணற்காட்டைப் பற்றி இங்கே தனி இழை ஏதும் இல்லாததால் இதைத் தொடங்குகிறேன். எடிசன், பிளெயின்ஸ்பரோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான். இருந்தும் வார இறுதியில் கேமராவோடு புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்ஸ்கில்ஸ் மலைகளுக்கோ டெலவேர் வாட்டர் கேப்புக்கோதான் போகிறார்கள். ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர், அதாவது மாநிலத்தின் நிலப்பரப்பில் 22 விழுக்காடு. 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தால் அந்நாட்டின் முதல் தேசிய ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்ட காடு. அதை நாம் கண்டுகொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

போகாததற்கான காரணமும் புரியாமல் இல்லை. ஆப்பிள் பை ஹில் என்று பெயர் பெற்ற மேடுகூடக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 அடி உயரம்தான். வெண்மணல் பாதை, இருபுறமும் பிட்ச் பைன் மரங்கள், அவற்றின் காலடியில் முழங்கால் உயரப் புதர், மீண்டும் மணல் பாதை. வைட் ஆங்கிள் லென்ஸில் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் செங்குத்தான கோடுகளும் சிக்கலான குச்சிகளும்தான். எனவே என் கேள்விகள் இரண்டு. முதலாவது, இத்தகைய தட்டையான காட்டில் படத்துக்கான கட்டுமானத்தை எங்கிருந்து பெறுவது? இரண்டாவது, அங்குள்ள ஓடைகளின் செந்நிறத்தைச் சிலர் ரத்தச் சிவப்பாகவும் சிலர் வெறும் பழுப்பாகவும் காட்டுகிறார்கள். எது உண்மைக்கு நெருக்கமானது?

வெண்மணல் எழுதியது:

நண்பர் அலையாத்தி, நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் காட்டைத் தட்டையானது என்று எண்ணிக்கொண்டு உள்ளே போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் கருத்து.

அங்கே உயர வேறுபாடு மிகக் குறைவு என்பது சரி. ஆனால் அந்தக் குறைந்த வேறுபாட்டுக்கு அந்த நிலம் கொடுக்கும் மதிப்பு மலைநாட்டில் ஆயிரம் அடிக்குக்கூடக் கிடையாது. காரணம் மணல். மழைநீர் அதில் தங்குவதே இல்லை. நேராகக் கீழிறங்கி, கர்க்வுட்-கோஹான்சி எனப்படும் மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. அதில் 17 டிரில்லியன் கேலன் நீர் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்த நீருக்காகவே பிலடெல்பியாத் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் 1876-இல் பாட்ஸ்டோ என்னும் பழைய இரும்பு உலைக் கிராமத்தை முதலில் வாங்கி, பிறகு நிலம் நிலமாக வாங்கிக் குவித்தார். நீரை மாநிலத்துக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்று சட்டம் குறுக்கிட்டது. அவர் வாங்கிய நிலம்தான் இன்றைய வார்ட்டன் மாநிலக் காடு. படமெடுப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நீர்மட்டம் பல இடங்களில் தரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஆகவே தரை ஓரிரு அடி தாழ்ந்தாலே தாவரங்கள் முற்றிலும் மாறிவிடுகின்றன. மேட்டில் பிட்ச் பைனும் குட்டை ஓக்கும். சற்றுத் தாழ்ந்தால் ஹக்கில்பெரிப் புதர்கள் நெருக்கமாகின்றன. இன்னும் சற்றுத் தாழ்ந்தால் ஸ்பேக்னம் பாசி மெத்தை. அதையும் தாண்டினால் பகலிலும் இருள் சூழ்ந்த அட்லாண்டிக் வெள்ளைச் சீடார் சதுப்பு. இத்தனையும் நூறு தப்படிக்குள் நடந்துவிடும் இடங்கள் உண்டு.

படத்துக்கான கட்டுமானம் அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. காட்டின் நடுவே நின்றால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தோன்றும்; ஒரு வகைத் தாவரம் முடிந்து மற்றொன்று தொடங்கும் கோட்டில் நின்றால் முன்புலம், நடுப்புலம், பின்புலம் என்ற அடுக்கு தானாகவே அமைந்துவிடும். பாட்ஸ்டோ ஆற்றங்கரையில் ஒரு திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவின் உட்புறத்தில் வெண்மணல் திட்டு, வெளிப்புறத்தில் நீரால் அரிக்கப்பட்ட கரை, அதன் மேல் சாய்ந்து நிற்கும் சீடார்கள், அவற்றுக்குப் பின்னே மேட்டுநிலப் பைன்களின் கரடுமுரடான முடிகள். சீடாரின் தண்டு நேராக, சாம்பல் நிறத்தில், நாராக உரிந்து நிற்கும். பிட்ச் பைனின் தண்டோ செதில் செதிலாக, கோணல் மாணலாக இருக்கும். இந்த இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு லென்ஸைவிட நிலவரைபடம் அதிகம் உதவும். ஓடைகளையும் சதுப்புகளையும் காட்டும் அளவைத் துறை வரைபடத்தை முதல்நாள் இரவே விரித்து வைத்துக்கொண்டு, மணல் பாதை எங்கே சதுப்பை வெட்டிச் செல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியும் இந்த உயர வேறுபாட்டின் விளைவே. உலர்ந்த மணல் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் வெகு விரைவாக இழந்துவிடுகிறது. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் சுற்றுவட்டார ஊர்களைவிட இந்தக் காட்டுக்குள் குளிர் கூடுதலாக இறங்குவது அங்குள்ள வானிலை அவதானிப்பாளர்கள் நன்கு அறிந்தது. கனத்த குளிர்காற்று தாழ்வான இடங்களை நோக்கி வடிந்து குளங்களின் மேலும் சதுப்புகளின் மேலும் பனியாகத் தங்குகிறது. மலைப் பள்ளத்தாக்கில் நடப்பது இங்கே முழங்கால் ஆழத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

நெடுவரை எழுதியது:

வெண்மணல் ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். விளிம்புகளைத் தேடிப் போவது என்பது, இந்தக் காட்டை மற்ற நிலக்காட்சிகளைப் போல ஆக்கிக் காட்டும் முயற்சியாகவே எனக்குத் தோன்றுகிறது. முன்புலத்தில் ஒரு மணல் திட்டு, நடுவில் ஆறு, பின்னால் மரம் என்று அமைத்துவிட்டால் அது எந்த நாட்டின் ஆற்றங்கரையாகவும் இருக்கலாம். இந்தக் காட்டின் தனித்தன்மை அதன் மாறாத தன்மையில்தான் இருக்கிறது: மைல் கணக்கில் ஒரே மரம், ஒரே மணல், ஒரே அடிவானம். அதை மறைக்காமல் எடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

நான் அங்கே பெரும்பாலும் 100 முதல் 300 மில்லிமீட்டர் வரையிலான, தூரத்தை அருகில் காட்டும் டெலி லென்ஸையே பயன்படுத்துகிறேன், படங்களைக் கறுப்பு வெள்ளையில் முடிக்கிறேன். டெலி லென்ஸ் தூரத்துத் தண்டுகளையும் அருகிலுள்ள தண்டுகளையும் ஒரே தளத்தில் நெருக்கிவிடுவதால் அந்த மாறாத தன்மை ஓர் ஒழுங்காக, ஏறத்தாழ நெய்த துணியின் இழையோட்டமாக மாறுகிறது. வண்ணத்தை நீக்கிவிட்டால் மணலின் வெண்மை, நீரின் கருமை, பட்டையின் நடுச்சாம்பல் ஆகிய மூன்று தொனிகளே எஞ்சுகின்றன. அந்த மூன்றுமே போதுமானவை. மேகமூட்டமான நாளில் போவது நல்லது. நேர்வெயில் பட்டால் ஒவ்வொரு ஊசியிலையும் தனித்தனியாகப் பளபளத்து, கண்ணுக்கு ஓய்வே கிடைக்காத படமாகிவிடும்.

கார்முகில் எழுதியது:

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அந்த ஓடைகளின் நிறம் அழுக்கினால் வருவதன்று. சீடார் முதலான தாவரங்களின் மட்கிலிருந்து கசியும் கரிம அமிலங்களும், மண்ணிலிருந்து கரைந்து வரும் இரும்பும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. அந்த இரும்பு சதுப்புகளில் படிந்து தாதுவாக உறைவதால்தான் 1766-இல் பாட்ஸ்டோவில் இரும்பு உலை எழுந்தது. நீரைக் கையில் அள்ளினால் தெளிவாகவே இருக்கும். அரை அடி ஆழத்தில் வெண்மணல் மேல் ஓடும்போது பால் கலக்காத தேநீரின் பொன்னிறம் தெரியும். இரண்டடி ஆழத்தில் செம்பழுப்பாகும். அதற்கும் கீழே போனால் கறுப்புதான். ஆகவே சிவப்பாகக் காட்டியவரும் பழுப்பாகக் காட்டியவரும் வெவ்வேறு ஆழத்தைக் காட்டியிருக்கக்கூடும். ஆழத்துக்கு ஏற்ப மாறும் அந்தப் படிநிலைதான் அழகு. படம் முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால் அது எடிட்டிங்கில் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கேமரா தானாகவே நிறத்தைச் சமன் செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பக் கூடாது. சட்டகத்தில் செந்நிறம் மிகுந்திருப்பதைக் கண்டதும் அது நீலத்தைக் கூட்டிச் சமன் செய்யப் பார்க்கும், ஓடை சேற்று நிறமாகிவிடும். பகல்வெளிச்சத்துக்கு உரிய 5,200 கெல்வின் அளவில் நிறுத்திவிட்டு, கேமரா மாற்றாமல் சேமிக்கும் மூலக் கோப்பான ரா கோப்பில் பிறகு சிறிதளவே திருத்துவது நல்லது. அடுத்தது ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம். வெயில் படும் ஆழமில்லாத நீரில் சிவப்பு சேனல் மட்டும் முதலில் எல்லை மீறிவிடும். பொதுவான வெள்ளை ஹிஸ்டோகிராம் பத்திரமாகவே தோன்றும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வெட்டுப்பட்டுவிட்டால் மணலின் அலைவரிகள் எல்லாம் ஒரே ஆரஞ்சுத் திட்டாக உறைந்துவிடும், அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

உலர்ந்த வெண்மணலில் இதற்கு நேர்மாறான சிக்கல். சட்டகத்தின் பெரும்பகுதி வெண்மையாக இருந்தால் கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒளியை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு ஒளி) கூட்டிக் கொடுக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால் இந்தத் தொல்லையே இருக்காது. ஈர மணல் தொனி இறங்கி, பைன் பட்டைக்கும் மணலுக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளி சுருங்கிவிடுகிறது, பட்டையும் ஈரத்தில் கருஞ்சிவப்பாகத் துலங்குகிறது.

நெடுவரை ஐயா கறுப்பு வெள்ளையைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு நிறங்களின் ஒளியைக் கூட்டினால் ஓடை ஒளிர்ந்து அடிமணல் தெரியும். குறைத்தால் கன்னங்கரேலென்று கண்ணாடியாகிவிடும். ஒரே கோப்பிலிருந்து முற்றிலும் வேறான இரண்டு படங்கள் கிடைக்கும்.

அலையாத்தி எழுதியது:

மிக்க நன்றி. பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்த நீருக்கு அது கட்டாயம் என்று ஓரிடத்தில் படித்தேன். மேலும், வாரன் குரோவ் அருகில் மனித உயரமே உள்ள குட்டைப் பைன் சமவெளி இருக்கிறதாமே. அதை எடுத்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

கார்முகில் எழுதியது:

போலரைசர் பயன்படும், ஆனால் அதை முழுவதுமாகத் திருப்பிவிடாதீர்கள். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் கேமரா சாய்ந்து நோக்கும்போது பிரதிபலிப்பு அநேகமாக முற்றிலும் நீங்கிவிடும். ஆழமில்லாத இடத்தில் அது நன்மை. பொன்னிற மணல் அப்படியே மேலெழுந்து வரும். ஆழமான இடத்தில் வானத்தின் பிரதிபலிப்பையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் கறுப்புக் குழிதான். அரைத் திருப்பலில் நிறுத்தி, அருகில் அடிமணலும் தொலைவில் மரங்களின் நிழலுருவும் தெரியும்படி வைப்பதே நான் கண்டவரை சிறந்த வழி.

வெண்மணல் எழுதியது:

குட்டைப் பைன் சமவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இந்தக் காட்டில் நெருப்பை அறியாதவரால் எந்தப் படத்தையும் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது என்றே சொல்வேன்.

பிட்ச் பைன் நெருப்புக்கெனவே வாய்த்த மரம். அதன் பட்டை தடித்தது. ஊசியிலைகள் எல்லாம் கருகி உதிர்ந்த பிறகும், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் விழித்துத் தண்டு நெடுகிலும் பச்சைக் குஞ்சங்களாக வெடித்து வரும். பொதுவாகப் பைன் மரங்களுக்கு இல்லாத ஆற்றல் இது. 72-ஆம் எண் சாலையின் இருபுறமும், வாரன் குரோவ் பக்கமும் உள்ள சமவெளியில் நெருப்பு மிக அடிக்கடி வந்துபோனதால், மரங்கள் மீண்டும் மீண்டும் வேர்க்கழுத்திலிருந்தே துளிர்த்துக் குட்டையாகவே நின்றுவிட்டன. பெரும்பாலானவை பத்தடியைக்கூட எட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் தண்டு இளையதாக இருக்கலாம், மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கட்டையின் வயது அதைவிட மிக அதிகம். அவற்றின் கூம்புகள் பிசினால் இறுக மூடிக்கிடந்து, நெருப்பின் வெப்பம் பட்டால்தான் திறந்து விதை உதிர்க்கின்றன. ஒரு கூம்பை மேக்ரோ லென்ஸில் நெருங்கிப் பாருங்கள்: மரக்கிளையோடு ஒட்டிக்கொண்டு, சாம்பல் பூத்து, சில வேளைகளில் மரப்பாசி படர்ந்து, ஆண்டுக்கணக்கில் மூடியபடியே இருக்கும், ஒவ்வொரு செதிலின் நுனியிலும் ஒரு கூரிய முள். 2007 மே மாதம் வாரன் குரோவ் பயிற்சித் தளத்தில் எஃப்-16 விமானம் ஒன்று வீசிய ஒளிக்குண்டால் பற்றிய தீ ஏறத்தாழ 17,000 ஏக்கரைச் சுட்டது. எரிந்த பகுதிகளின் எல்லையை மரங்களின் உயரமே காட்டிக்கொடுக்கும்.

அங்கே படமெடுப்பதில் உள்ள சிக்கல், கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்பதுதான். கண் மட்டத்தில் வைத்தால் நீங்கள் கிளைகளுக்குள் இருப்பீர்கள். மரமும் தெரியாது, வெளியும் தெரியாது. முக்காலியை முழுதாக உயர்த்தி, மரமுடிகளுக்கு ஒரு சாண் மேலே லென்ஸ் இருக்கும்படி வைத்து, திரையைக் கைப்பேசியில் பார்த்து எடுங்கள். அப்போதுதான் அடிவானம் வரை படர்ந்த மரமுடிகளின் மேற்பரப்பு, தரைபோலவே, தெரியும். மாலைச் சாய்வொளி அதன் மேல் படும்போது ஒவ்வொரு முடிக்கும் ஒரு நிழல் விழும். தட்டை என்று நினைத்த இடத்துக்கு ஏற்ற இறக்கம் வந்துவிடும்.

மற்ற இடங்களில் நெருப்பு தரும் நன்மை எளிமை. அலையாத்தி சொன்ன அந்தக் குச்சிச் சிக்கலை நெருப்புதான் அகற்றுகிறது. மாநில வனத்தீயணைப்புப் பணியினர் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை திட்டமிட்டு, கட்டுக்குள் வைத்துக் கீழ்ப்புதர்களை எரிப்பார்கள். அதன் பிறகு சில வாரங்கள் தரை கறுப்பாகவும் தெளிவாகவும் இருக்கும், தண்டுகளின் அமைப்பு ஒழுங்காகப் புலப்படும். ஏப்ரல் இறுதியில் அந்தக் கருமைமேல் பிராக்கன் பெரணியின் சுருண்ட தளிர்கள் தலைநீட்டும். அந்த வேளையை நான் இலையுதிர் காலத்தைவிட உயர்வாக மதிக்கிறேன். 2022 ஜூனில் முல்லிகா ஆற்றுப் பகுதியில் 13,000 ஏக்கருக்கு மேல் எரிந்தபோதும், 2025 ஏப்ரலில் ஓஷன் கவுண்டியில் 15,000 ஏக்கருக்கு மேல் எரிந்தபோதும் வெளிவந்த படங்களில் பெரும்பாலானவை புகையையும் சாம்பலையும் மட்டுமே காட்டின. அடுத்தடுத்த மாதங்களில் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் எடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தத் தொடர்ச்சிதான் இந்தக் காட்டின் உண்மையான வரலாறு.

புல்வாய் எழுதியது:

வெண்மணல் ஐயா சொன்ன கடைசிக் கருத்தை வழிமொழிகிறேன். எரிந்த பைன் காட்டின் படத்துக்கு "அழிவு", "மரணம்" என்றெல்லாம் தலைப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதே வேளையில், எல்லாத் தாவரமும் நெருப்பைத் தாங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சீடாரின் பட்டை மெல்லியது. தீ உள்ளே புகுந்தால் மரம் பிழைக்காது. பைன் மேடு எரிந்து, அதன் கீழுள்ள சீடார் சதுப்பு ஈரத்தால் தப்பி நிற்கும் எல்லைக்கோடு, ஐயா முதலில் சொன்ன அந்த விளிம்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடலோரமாகப் போனால் வேறொரு துயரம் காத்திருக்கிறது: முல்லிகா, பாஸ் ஆறுகளின் கீழ்ப்பகுதியில் உப்புநீர் ஏறி வருவதால் சீடார்கள் நின்றபடியே பட்டுப்போய் வெளிறிக் கிடக்கின்றன. அந்தப் படங்களுக்கு "மரணம்" என்ற தலைப்பு பொருந்தும்.

நீங்கள் அனைவரும் பரந்த காட்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த மணல் ஊட்டமற்றது, நீர் அமிலம் மிகுந்தது. அதனாலேயே பூச்சிகளைப் பிடித்து உண்ணும் தாவரங்கள் இங்கே செழிக்கின்றன. 539-ஆம் எண் சாலையோரம் உள்ள வெப்ஸ் மில் சதுப்பில் பலகைப் பாதையிலிருந்தே குடுவைச் செடிகளையும், நம் ஊர் ஈரநிலங்களிலும் காணப்படும் அழுகண்ணியின் உறவினங்களையும் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பொன்நிறக் கதிர்போன்ற கோல்டன் கிளப் மலர்கள் கறுத்த நீரிலிருந்து நிமிர்ந்து நிற்கும். ஜூன் தொடக்கத்தில் டர்க்கிபியர்டு என்னும் வெண்பூங்கொத்து, குறிப்பாக எரிந்து மீண்ட இடங்களில், பைன்களின் காலடியில் பூக்கும். இவற்றைத் தனிப் பூவாக நெருங்கி எடுப்பதோடு நிறுத்தாமல், தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, பின்னால் காடு தெரியும்படி வைட் ஆங்கிளில் எடுத்தால் அதுவும் நிலக்காட்சியே. செடிக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதிகம் என்பதால் ஒரே குவியத்தில் இரண்டும் கூர்மையாக வராது. காற்றில்லாத காலையில் நான்கைந்து குவியங்களில் எடுத்து அடுக்கிச் சேர்ப்பது நல்லது.

ஒரு வேண்டுகோள். செப்டம்பர், அக்டோபரில் பூக்கும் நீலநிறப் பைன் பேரன்ஸ் ஜென்ஷியனையும் அங்குள்ள ஆர்க்கிட்களையும் எடுத்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள். ஒருவர் காட்டிய இடத்துக்குப் பலர் போய்ப் பாசி மெத்தையை மிதித்துவிட்டால் அது எளிதில் மீளாது.

தொலைநோக்கு எழுதியது:

இரவு வானத்தைப் பற்றிச் சுருக்கமாக. நியூ ஜெர்சியில் பால்வீதியைக் கண்ணால் பார்க்கத்தக்க இடங்களில் இந்தக் காட்டின் நடுப்பகுதி முக்கியமானது. 1928 ஜூலை 12 அன்று விமான விபத்தில் இறந்த மெக்சிகோ விமானி எமிலியோ கரான்சாவின் நினைவுத்தூண் அருகிலுள்ள வெட்டவெளி பலருக்கும் பழக்கமான இடம். மேற்கே பிலடெல்பியாவின் ஒளியும் தென்கிழக்கே அட்லாண்டிக் சிட்டியின் ஒளியும் அடிவானத்தை வெளுக்கச் செய்கின்றன. பால்வீதியின் மையம் மே மாதப் பின்னிரவில் தென்கிழக்கில் எழும்போது அந்த நகரின் ஒளியில் மாட்டிக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்டில் நேர்த்தெற்கே வந்த பிறகு எடுப்பதே நல்லது. வெண்மணல் பாதை நட்சத்திர ஒளியிலேயே துலங்குவதால் முன்புலத்துக்குத் தனியாக விளக்கடிக்கத் தேவையில்லை. கூடுதலாக ஒரு நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால் போதும்.

நெடுவரை எழுதியது:

குட்டைப் பைன் சமவெளியில் முக்காலியை உயர்த்தி எடுக்கச் சொன்னது பயனுள்ள குறிப்பு. ஆனால் அப்படி எடுத்த படத்தைப் பார்ப்பவர், அது உயரமான காட்டைக் கோபுரத்தின் மேலிருந்து எடுத்தது என்றே நினைப்பார். மரங்கள் குட்டை என்பது அதில் தெரியவே தெரியாது. அளவு தெரிய ஒரு மனிதரையோ, சாலையையோ, காரையோ சேர்த்தே ஆக வேண்டும்.

வெண்மணல் எழுதியது:

அது உண்மைதான் ஐயா, இருந்தும் மனிதரைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கண் நேராக மனிதரிடம் போய் நின்றுவிடும், சமவெளி பின்னணியாகச் சுருங்கிவிடும். மணல் பாதை ஒன்றைச் சேர்த்தால் போதும். அதில் பதிந்த மான் குளம்புத் தடங்களும் பாதையோரப் புல்லும் மரத்தின் உயரத்தைச் சொல்லிவிடும். உங்களுக்கு அது போதவில்லையென்றால் பக்கத்தில் ஓர் உயரமான பிட்ச் பைன் தனித்து நிற்கும் இடத்தைத் தேடலாம். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன். இருவர் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இழைக்கு நல்லது.

கார்முகில் எழுதியது:

பருவம் பற்றி அலையாத்தி கேட்டிருந்தால் நான் அக்டோபர் என்றே சொல்லியிருப்பேன். பைன் பச்சையாகவே நிற்க, அதன் காலடியில் ஹக்கில்பெரியும் புளூபெரியும் கருஞ்சிவப்பாக மாறுகின்றன. வேறெங்கும் இலையுதிர் கால நிறம் தலைக்கு மேலே இருக்கும், இங்கே முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. அதே சமயம் சாட்ஸ்வொர்த்தைச் சுற்றியுள்ள கிரான்பெரி வயல்களில் நீரைத் தேக்கி அறுவடை நடக்கும். பழங்கள் மிதக்கும் அந்தச் செம்பரப்பைப் பலரும் எடுக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான வயல்கள் தனியாருடையவை. அனுமதி கேட்காமல் வரப்பில் இறங்கக் கூடாது. அனுமதித் தொல்லையின்றி வயல்களின் அமைப்பை எடுக்க ஒயிட்ஸ்போக் நல்ல இடம். எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணியும் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவிலும் சேர்ந்து, காட்டுப் புளூபெரியைப் பயிராக்கி, 1916-இல் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பிய ஊர் அது. குளிரில் கொடிகள் பட்டுப்போகாமலிருக்க வயல்களில் நீர் நிறுத்தும் மாதங்களில் அவை கண்ணாடிபோல வானத்தைக் காட்டும். வயல் வரப்புகளின் நேர்கோடுகள் நெடுவரை ஐயாவுக்குப் பிடிக்கும்.

புல்வாய் எழுதியது:

விதிமுறைகளையும் குறித்துவிடலாம். மாநிலப் பூங்கா, மாநிலக் காடுகளில் முன்அனுமதியின்றி டிரோன் பறக்கவிடத் தடை உள்ளது. மணல் பாதைகளில் சில இடங்களில் மணல் மாவுபோல இளகிக் கிடக்கும். தாழ்ந்த கார்கள் அச்சுவரை புதைந்துவிடும். உயரமான ஜீப் வைத்திருப்பவர்களும் பாதையை விட்டு விலக வேண்டாம். வெற்றுக் குட்டைபோலத் தெரியும் பள்ளங்கள் பல, வசந்தத்தில் நீர் நிரம்பித் தவளைகள் முட்டையிடும் இடங்கள்; வண்டிச் சக்கரங்களால் அவை குலைந்து கிடப்பதை வார்ட்டன் காட்டில் கண்ணால் காணலாம். உண்ணிகள் மிகுதி. முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வீடு திரும்பியதும் உடல் முழுவதும் சோதித்துப் பாருங்கள்.

அலையாத்தி எழுதியது:

இவ்வளவு செறிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. மார்ச் இறுதியில் போகலாம் என்று நினைக்கிறேன். திட்டமிட்டு எரித்த பகுதி எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? முதல் நாளுக்கு எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

வெண்மணல் எழுதியது:

எரிப்பு நாள் காற்றையும் ஈரப்பதத்தையும் பொறுத்துக் கடைசி நேரத்தில்தான் முடிவாகும் என்பதால் நாளைக் கேட்டுப் பயனில்லை. எந்தப் பகுதியில் ஏற்கெனவே எரித்து முடித்தார்கள் என்பதைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். புகை எழும் பகுதிக்குள்ளும், மூடப்பட்ட பாதைக்குள்ளும் போக வேண்டாம்.

முதல் நாளுக்கு பாட்ஸ்டோவே போதும். விடியலுக்கு அரை மணி முன்பாக ஏரிக்கரையில் இருங்கள். முந்தைய இரவு வானம் தெளிந்திருந்தால் பனி கிடைக்கும். வெயில் ஏறியதும் ஆற்றோரப் பாதையில் வடக்கே நடந்து, சீடாரும் பைனும் சந்திக்கும் இடங்களைப் படமெடுக்காமல் குறித்து மட்டும் வையுங்கள். நண்பகலில் ஆழமில்லாத ஓடைகளை எடுக்கலாம். உச்சிவெயில் நீருக்குள் நேராக இறங்குவதால் மணலின் பொன்னிறம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். குறித்து வைத்த இடங்களுக்கு மாலையில் திரும்புங்கள். 24 முதல் 70 வரையிலான ஒரு லென்ஸும், நெடுவரை ஐயா சொன்ன டெலியும் போதும். படங்களை இந்த இழையிலேயே போடுங்கள். ரா கோப்பையும் பகிர்ந்தால் நீரின் நிறத்தைக் கார்முகில் பார்த்துச் சொல்வார்.